சின்னநைனா மாற்றாத என்ஜின்

சித்தூர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அம்மா போன பிறகு அப்பாவை, எங்கள் வழக்கில் நைனாவை, அங்கே தனியாக விட மனம் வராமல் திருப்பதிக்கு என்னோடு அழைத்து வந்துவிட்டேன். பாத்திரம், கட்டில், அவருடைய சட்டப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வழி செய்தாயிற்று. கடைசியில் மிஞ்சியது பின்பக்கத் தகரக் கொட்டகையில் நின்ற கார்தான்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. மதனப்பள்ளிப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் குடும்பத்துக்கு நைனா பெரிய வழக்கு ஒன்றை ஜெயித்துக் கொடுத்திருந்தார். அந்த வீட்டுப் பெரியவர் பிள்ளைகளோடு வெளிநாடு போய்ச் சேர்ந்துவிடுவது என்று கிளம்பியபோது, "இத நல்லபடியா வெச்சிக்குங்க வக்கீல் சார்" என்று சாவியை நைனாவின் கையில் கொடுத்தாராம். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. நைனாவுக்குக் கோர்ட்டில் பேச வரும், கார் ஓட்ட அவ்வளவாக வராது. கியர் மாற்றும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வார். அந்தக் காரை உண்மையாகக் கொண்டாடியவர் அவருடைய தம்பி.

அவரை நாங்கள் சின்னநைனா என்று கூப்பிடுவோம். பாலிடெக்னிக் படித்துவிட்டு, திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அடக்கமான ஆள் என்று சொல்ல முடியாது. தெருமுனையிலேயே குரல் கேட்கும். நன்றாக உடுத்துவார், சட்டென்று கோபப்படுவார், அதைவிடச் சீக்கிரம் சிரித்துவிடுவார். பெரிய மனிதர்களின் கார்களெல்லாம் அவரிடம்தான் வரும் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு, அதை அவர் மறைத்ததும் இல்லை. லீவு நாளில் சித்தூருக்கு வந்தால் முதலில் அம்மாவிடம் ஒரு வாய் காபி, அடுத்தது கொட்டகை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காணிப்பாக்கம் பக்கம் போவார். கூரையில்லாத வண்டியில் காற்று முகத்தில் அறையும். வாயைத் திறந்தால் பூச்சி போய்விடும் என்று நான் உதட்டை இறுக்கிக்கொண்டே போவேன். திரும்பி வந்ததும் அம்மா, "பொட்டப்புள்ளைய வெச்சிகினு அவ்ளோ வேகமா போனா இன்னா அர்த்தம்?" என்பாள். "அண்ணி, வேகம் வண்டியோடது, நான் சும்மா புடிச்சிகினு உக்காந்திருந்தேன்" என்பார்.

நான் இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தபோது கார் புகை கக்க ஆரம்பித்தது. என்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சின்னநைனா அதைத் திருப்பதிக்குக் கொண்டுபோனார். பல மாதம் அது அங்கேயே கிடந்தது. அதே சமயத்தில் அதே மாதிரி இன்னொரு கார், மெட்ராஸ்காரர் ஒருவருடையது, அவருடைய ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. இந்தப் பக்கத்தில் அப்படிக் கார் பார்ப்பதே அபூர்வம். இரண்டு ஒரே இடத்தில் சேர்ந்ததை ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

எங்கள் கார் திரும்பி வந்தபோது பானெட்டுக்குள் கண்ணைப் பறித்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துக் கிடந்த என்ஜினைச் சின்னநைனா முழுக்கச் சுத்தம் செய்து, ஆதியில் இருந்த நிறம் இதுதான் என்று சொல்லி, இளம்பச்சை பெயிண்ட் கனமாக அடித்திருந்தார். ஆனால் வண்டி முன்போல இழுக்கவில்லை. மேட்டில் திணறியது. "புது ரிங்கு போட்டிருக்குதுண்ணா, ஓட ஓட சரியாயிடும்" என்றார்.

அந்த வாரத்திலேயே கோர்ட்டில் யாரோ ஒரு வக்கீல் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்: "இன்னா சார், ஒங்க என்ஜின் இப்ப மெட்ராஸ்ல பறக்குதாமே." அந்த மெட்ராஸ்காரரின் கார் பிரமாதமாக ஓடுகிறது என்று யாரோ அவருக்குச் சொன்னார்களாம். அவ்வளவுதான். நைனா அன்று சாயங்காலம் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொட்டகைக்குப் போனார்.

அந்தக் காரில் பானெட்டைத் திறந்தால் உள்சுவரில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டும் அதில் வெட்டியிருக்கும். நைனா டார்ச் அடித்து அதைப் படித்தார். பிறகு என்ஜினில் தேடினார். பக்கவாட்டில், இரும்போடு இரும்பாக எழும்பி நிற்கிற எண் ஒன்று, புதுப் பச்சைப் பெயிண்டில் தெளிவாகத் தெரிந்தது. தகட்டில் இருந்த எண் அது இல்லை. ஒரு இலக்கம்கூடப் பொருந்தவில்லை.

வேறு யாராக இருந்தாலும் தம்பியைக் கூப்பிட்டு, என்ன இது என்று கேட்டிருப்பார்கள். நைனாவும் கேட்டார், ஆனால் சாட்சிக் கூண்டில் நிறுத்திக் கேட்கிற மாதிரி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னநைனா வழக்கம்போல வந்தார். கூடத்தில் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நைனா நின்றுகொண்டே பேசினார்.

"ஒன் ஒர்க்‌ஷாப்ல அதே மாதிரி இன்னொரு என்ஜின் இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சி."

"ரெண்டும் ஒரே சமயத்துல பிரிச்சி கெடந்துச்சா?"

"கெடந்துச்சி. அதுக்கு இன்னா இப்போ?"

"தகட்டுல ஒரு நம்பர், என்ஜின்ல ஒரு நம்பர். இது எப்படி?"

சின்னநைனா எழுந்து கொட்டகைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். குனிந்து பார்த்தார். தகட்டைப் பார்த்தார், எழும்பிய எண்ணைப் பார்த்தார், மறுபடி தகட்டைப் பார்த்தார். அவருடைய முகத்தில் குழப்பம் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்தக் காலத்தில் இங்கே யாரும் நம்பரைப் பார்த்து ரிப்பேர் செய்ததில்லை. திரும்பி வந்து, "எனக்கு இந்த நம்பர் கத தெரியாதுண்ணா. ஆனா அது நம்ம என்ஜின்தான். என் கையால பிரிச்சி என் கையால பூட்டினது" என்றார்.

"சாட்சி பொய் சொல்லுவான். நம்பர் பொய் சொல்லாது" என்றார் நைனா.

பிறகு அம்மாவைப் பார்த்து, தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவரச் சொன்னார். அம்மா நகரவில்லை. அவரே பூஜை அலமாரிக்குப் போய் ஏற்றிக் கொண்டுவந்து தம்பியின் முன்னால் வைத்தார். "நான் மாத்தலேன்னு சொல்லி அணைச்சிடு. ஏழுமலையான் மேல பாரத்த போட்டு நானும் விட்டுடறேன்."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சின்னநைனாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றும் அழவில்லை, நிறைந்தது அப்படியே நின்றது.

"ஒரு கூடப் பொறந்தவன் கேட்டா வாயால சொல்றது போதும்ணா. நான் இரும்புக்கோசரம் சத்தியம் பண்ண மாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. "பார்த்தியா, அணைக்கல" என்றார் நைனா அம்மாவிடம்.

அதோடு வீட்டுக்குள் முடிந்திருந்தால்கூட ஒருவேளை ஆறிப்போயிருக்கும். கொஞ்ச நாளில் நகரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. எங்கள் சனமெல்லாம் நகரி, புத்தூர், சத்தியவேடு சுற்றிலும் இருப்பவர்கள், பாதிப் பேர் விவசாயம், பாதிப் பேர் தறி. எல்லாரும் வந்திருந்தார்கள். பந்தியில் சின்னநைனா முன்பே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து இலையை யாரோ நைனாவுக்குக் காட்டினார்கள். நைனா கோர்ட்டில் பேசுகிற குரலில், "என்ஜின் திருடினவன் உக்கார்ற வரிசையில நான் உக்கார மாட்டேன்" என்றார். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். சின்னநைனா இலையை மூடிவிட்டு எழுந்தார். அவர் மனைவி, எங்கள் சின்னம்மா, எதிர்ப்பந்தியில் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளும் எழுந்தாள்.

காரை ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவது நம்பிக்கையில்தான். ஒர்க்‌ஷாப்காரன் உள்ளே எதை எடுக்கிறான், எதை வைக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. சொந்த அண்ணனே, அதுவும் ஒரு வக்கீல், சொல்லிவிட்டார் என்றால் கேட்கவா வேண்டும். பெரிய வண்டிகள் வருவது முதலில் நின்றது. பிறகு வாடகை வண்டிகள் மட்டும். பிறகு அவையும் குறைந்தன. நான் படிப்பை முடித்து, திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த இடத்தில் டைல்ஸ் கடை வந்துவிட்டிருந்தது. சின்னநைனா குடும்பத்தோடு புத்தூருக்குப் போய்விட்டார். நகரி விசைத்தறிகளில் மோட்டார் பார்க்கிற வேலை. பஸ்ஸில் போய் வருவார். ஒரு முறை புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், தலையெல்லாம் பஞ்சுத் தூசி. "நல்லா கீறியாம்மா?" என்றார். அந்தக் குரலில் சத்தமே இல்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

சில வருடங்களுக்கு முன்னால் தறிக்கூடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. செய்தி வந்ததும் நைனாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார். "நீ போய்ட்டு வா" என்றார். நான் போனேன். சின்னம்மா என்னை உள்ளே விட்டாள், அழவும் செய்தாள். ஆனால் நைனா வரவில்லையா என்று கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

காருக்கு வருகிறேன். வீட்டைக் காலி செய்யும்போது அதை அப்படியே போட்டுவிட்டு வர முடியாது. பதிவு எப்போதோ காலாவதியாகிவிட்டது. பழைய வண்டி என்று மறுபடி பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். அதற்கு சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டின் மேலும் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். நைனாவிடம் சொன்னபோது அவருக்கு அந்த வயதிலும் குரல் நிமிர்ந்தது.

"என்ஜின் மாத்தப்பட்டிருக்குதுன்னு தெளிவா எழுதிக் குடு. இப்ப இருக்கிற நம்பர் எதுவோ அத எழுது. பொய்யா பழைய நம்பர எழுதிடாத."

அதனால் நான் தேடிப்போனது தகட்டில் இல்லாத வேறு எண்ணைத்தான். நைனா எழும்பிய எண் ஒன்றைச் சொல்லியிருந்தார், ஆனால் காகிதம் வைத்துத் தேய்த்து எடுக்க அது தோதாக இல்லை. பெயிண்ட் மேல் பெயிண்டாக உரிந்து கிடந்தது. சென்னையில் இந்த ரகக் கார் வைத்திருக்கும் ஒருவரைத் தெரிந்தவர் மூலமாகப் பிடித்து, போனில் படம் அனுப்பி, இதை எப்படி அச்செடுப்பது என்று கேட்டேன். அவர் உடனே கூப்பிட்டார்.

"மேடம், நீங்க அனுப்பினது என்ஜின் நம்பரே இல்ல. அது வார்ப்பு நம்பர். இரும்பை உருக்கி ஊத்தற அச்சுலயே இருக்கிறது. அந்த மாடல் என்ஜின் எல்லாத்துலயும் அதேதான் இருக்கும். என் வண்டியிலயும் அதான் இருக்கு."

"அப்போ என்ஜின் நம்பர் எங்க?"

"டைனமோவுக்குப் பின்னாடி, பிளாக்குல விரலகலத்துக்குத் தட்டையா ஒரு இடம் இருக்கும். அதுல உளியால குத்தின மாதிரி பள்ளமா வெட்டியிருப்பாங்க. பெயிண்ட் அடிச்சிருந்தா மூடிப்போயிருக்கும். சுரண்டாதீங்க. பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊற விட்டுத் துடைங்க."

அன்றைக்கு நைனா படித்தது இந்த எண்ணைத்தான். ஆனால் எதையும் நினைக்கக் கூடாது என்று இருந்தேன். சோதனைக் கூடத்தில் பழகின பழக்கம். முடிவு வருவதற்கு முன்னால் நோயாளியின் முகத்தை நினைக்கக் கூடாது.

சித்தூரில் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். தெலுங்குக்காரர், நடுவயது. அவர் டைனமோவைக் கழற்றி எடுத்தார். பின்னால் சுவர் மாதிரி பச்சைப் பெயிண்ட், அதன் மேல் தூசியும் எண்ணெயும் சேர்ந்து களிம்பு. ரிமூவரை நானே பிரஷால் தடவினேன். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் பொரிந்து சுருங்கியது. துணியால் துடைத்தேன். மறுபடி தடவினேன். இரும்பு தெரிந்தது. அதில் ஏதோ கீறல்கள். மெக்கானிக் ஒரு சாக்பீஸை எடுத்து அதன் மேல் அழுத்தித் தேய்த்து, விரலால் வழித்துவிட்டார். பள்ளங்களில் வெள்ளை தங்கியது.

"அதிகோ, நெம்பர் ஒச்சிந்தம்மா" என்றார், இதோ வந்துவிட்டது என்று.

ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாகப் படித்து போனில் பதிந்துகொண்டேன். தகட்டைப் பார்க்கவில்லை. படித்து முடித்த பிறகுதான் டார்ச்சைத் திருப்பி உள்சுவரில் அடித்தேன்.

அதே எண். முதல் எழுத்திலிருந்து கடைசி இலக்கம் வரை அதே எண்.

மெக்கானிக்குக் கதை எதுவும் தெரியாது. "ஒரிஜினல் என்ஜின்மா. இந்த மாதிரி கெடைக்காது" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் அங்கேயே ஓரமாக இருந்த கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். தன் அண்ணன் காரின் என்ஜின் புதிதுபோல இருக்க வேண்டும் என்று இடுக்கு விடாமல் பெயிண்ட் அடித்திருக்கிறார் சின்னநைனா. அதில்தான் அந்த எண் மறைந்துபோயிருக்கிறது. மேட்டில் திணறியதற்குக்கூட, கார்புரேட்டரைச் சரியாக வைக்காததே காரணமாக இருக்கும் என்று சென்னைக்காரர் பின்னால் சொன்னார்.

நைனாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, கை நடுக்கம் வேறு. இரண்டு நாள் சமைத்தேன், வேலைக்குப் போனேன், மாத்திரை கொடுத்தேன், வாய் வரவில்லை. அவரே கேட்டார்.

"நம்பர் எடுத்தியா?"

"எடுத்தேன் நைனா."

"இன்னா நம்பர்?"

சொன்னேன். அந்தத் தகட்டு எண் அவருக்கு மனப்பாடம். அவர் முகம் மாறவில்லை, ஆனால் கேள்விகள் வந்தன. அதே கேள்விகள், அதே தோரணை, குரல்தான் மெலிந்திருந்தது.

"தகட்ட மொதல்ல பார்த்துட்டு என்ஜின்ல படிச்சியா? என்ஜின்ல படிச்சுட்டுத் தகட்ட பார்த்தியா?"

"என்ஜின்லதான் மொதல்ல படிச்சேன்."

"கூட யாரு இருந்தாங்க?"

"மெக்கானிக். அவருக்கு நம்ம விஷயம் எதுவும் தெரியாது."

"அந்த எழும்பி இருந்த நம்பரு?"

"அது அச்சு நம்பர் நைனா. டம்ளருக்கு அடியில கம்பெனிக்காரன் முத்திர போடறான் இல்ல, அந்த மாதிரி. எல்லா என்ஜின்லயும் அதேதான் இருக்குமாம்."

கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு, "என்ன கூட்டிகினு போ. நான் பார்க்கணும்" என்றார்.

கூட்டிப்போனேன். கொட்டகையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். கண் அவ்வளவாகத் தெரியாது. நான் அவருடைய விரலைப் பிடித்து அந்தத் தட்டையான இடத்தில் வைத்தேன். அவர் ஒவ்வோர் இலக்கமாகத் தடவினார். கடைசி இலக்கத்தில் விரல் நின்றது.

"அவன் ஏன் இத காட்டல?"

"அவருக்கும் இது இங்க இருக்கிறது தெரியாது நைனா."

"தெரியாம எப்படி அவ்ளோ தீர்மானமா சொன்னான்?"

"தான் செய்யலேன்னு தெரியும் இல்ல?"

விரலை இரும்பிலிருந்து எடுத்தார். கையைத் துடைக்கத் துணி கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. திருப்பதி வரும்வரை கறுத்த விரலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். புத்தூருக்குப் போக வேண்டும் என்றார்.

சின்னம்மா ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் சின்ன வீட்டில் இருக்கிறாள். அவளுடைய மகன், எனக்குத் தம்பி முறை, வரதய்யபாளையம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அன்று அவனுக்கு ஓய்வு. நைனாவைப் பார்த்ததும் அவன்தான் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தான். சின்னம்மா அடுப்படி வாசலில் நின்றாள்.

நைனா சுற்றி வளைக்கவில்லை. "அவன் மாத்தல. அதே என்ஜின்தான். நேத்து நானே தொட்டுப் பார்த்தேன். நான் சொன்னது தப்பு" என்றார். சொல்லிவிட்டுக் கும்பிட்டார். கைகள் நடுக்கத்தில் சேரவே இல்லை.

சின்னம்மா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இத எனக்கு எதுக்கு மாமா சொல்றீங்க? எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரியாதவங்களுக்கு இல்ல சொல்லணும்?"

நைனாவுக்குப் புரியவில்லை.

"நகரி பந்தியில சொன்னீங்க. ஊரே கேட்டுச்சி. அந்த எலைய மூடிட்டு எழுந்து வந்தவரு அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துலயும் உக்காந்து துன்னது இல்ல. மொய்ய வெச்சிட்டு வந்துடுவாரு. அடுத்த மாசம் தெவசம் வருது. எல்லாரையும் கூப்பிடறேன். வந்து அதே வாயால சொல்லுங்க."

"வரேன்மா" என்றார் நைனா.

காரைத் தம்பி மகனுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னார். அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு மெதுவாக, "வேணாம் பெரிநைனா. வீட்ல அத பத்தி பேசினாலே அவரு எழுந்து போய்டுவாரு. எனக்கு அந்த வண்டிய பார்த்ததா ஞாபகம்கூட இல்ல" என்றான். சின்னம்மா காபி போட்டுக் கொடுத்தாள். டம்ளரை அவர் கையில் தரவில்லை, ஸ்டூலின் மேல் வைத்தாள்.

அந்த ஒரு மாதமும் நைனா தயார் செய்துகொண்டிருந்தார். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் செய்வதுபோல, அறைக்குள் நடந்தபடி வாய்க்குள் பேசிப் பார்ப்பார். அந்தக் கல்யாணப் பந்தியில் யார் யார் இருந்தார்கள் என்று என்னிடம் கேட்பார். நான் சொல்லும் ஆட்களை, "அவரு இல்ல, போய்ட்டாரு", "அவருக்கு நெனவு தப்பிடுச்சி" என்று அவரே கழித்துக்கொண்டே வந்தார். பெண்ணைப் பெற்றவர், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், பந்தி விசாரித்தவர், ஒருவரும் இல்லை. "இன்னும் யாரு இருக்காங்க பாரு" என்பார். நானும் நினைத்துப் பார்ப்பேன்.

தெவசத்தன்று புத்தூர் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. படத்துக்கு முன்னால் படையல். சின்னம்மா சொன்னபடியே எல்லாரையும் கூப்பிட்டிருந்தாள். வந்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். சென்னையில் வேலை பார்ப்பவர்கள், பெங்களூரிலிருந்து வந்தவர்கள். அந்தக் கல்யாணத்தில் இருந்தவர் என்று எனக்கு அடையாளம் தெரிந்தது, சுவரோரம் நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு கிழவர் மட்டும்தான். அவருக்குக் காது கேட்காது.

படையல் முடிந்து இலை போடுவதற்கு முன்னால் நைனா எழுந்தார். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். ஒரு காலத்தில் மைக் இல்லாமலே கோர்ட் ஹாலை நிறைத்த குரல். இப்போது முன்வரிசைக்கே எட்டவில்லை.

"என் தம்பிய நான் திருடன்னு சொன்னேன். நகரியில, எல்லாரும் சாப்பிட்டுகினு இருந்தப்போ. அவன் திருடல. என்ஜின் அதே என்ஜின்தான். நம்பர நான் தப்பா படிச்சிட்டேன். இது எல்லாருக்கும் தெரியணும்."

பின்னால் யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓர் இளைஞன் பக்கத்தில் இருந்தவனிடம், "ஏ காரு ரா?", எந்தக் கார் என்று தெலுங்கில் கேட்டான். அவன் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினான். ஒரு பெண் மரியாதைக்காகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நைனா அவர்களுடைய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யார் முகத்திலும் அதிர்ச்சி இல்லை, கோபம் இல்லை. சின்னநைனாவை அந்த மாதிரி ஒருவர் சொன்னார் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. அதற்கு முன்னால் அவர்களுக்கு அவர் தறிக்கூடத்தில் மோட்டார் பார்த்த ஒரு பெரியவர், அவ்வளவுதான்.

நைனா சுவரோரம் இருந்த கிழவரிடம் போய், குனிந்து, அவர் காதருகே அதையே மறுபடி சொன்னார். கிழவர் சிரித்து, "நல்லா கீறேம்பா, நீ நல்லா கீறியா?" என்றார்.

சின்னம்மா படத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனவள் நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அவள் மகன்தான் நைனாவுக்கு இலை போட்டான். தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டான். நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இரண்டு வாய்கூட உள்ளே போகவில்லை.

கார் பதிவாகிவிட்டது. சென்னைக்காரர் வந்து எடுத்துப்போனார். நல்லபடியாக வைத்துக்கொள்வார். நைனா கையெழுத்துப் போடும்போது என்னவென்றுகூடக் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவர் என்னிடம் கேட்பது ஒன்றுதான், புத்தூர் தம்பிக்குப் போன் போடு என்பது. போடுவேன். ஷிப்டில் இருந்தால் எடுக்க மாட்டான். எடுத்தால் நைனா, "துன்னியாப்பா?" என்று கேட்பார். "துன்னேன் பெரிநைனா" என்பான். அதற்குமேல் இரண்டு பக்கமும் பேச எதுவும் இருக்காது. கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, போனை என்னிடம் நீட்டுவார்.